பிணைக்கு வந்தவர்கள்

போன மாதம் தர்சினி எனக்குப் போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த வங்கியில், நான் இருந்த அதே மேசையில் இப்போது இருப்பவள். கடன் வாங்கிவிட்டுத் தவணை கட்டாதவர்களைத் தேடிப் பிடிக்கிற மேசை அது.

"ராணி மிஸ், புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஒரு ட்ரெயினிங் வைக்கிறம். உத்தியோகத்தர்களின்ட நிதி நலம் எண்டு தலைப்பு. நீங்கள் வந்து கொஞ்சம் கதைக்க ஏலுமா?"

"கதைக்கலாம். என்னத்தைக் கதைக்கிறது?"

"சேமிப்பு, பட்ஜெட், அப்பிடி ஏதாவது. ஆனா மிஸ், கோவிக்காதேங்கோ. பயமுறுத்தாமக் கதையுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தை எடுத்துவிட்டால் என்னிடம் கதைக்க ஒன்றும் மிச்சமில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவள் இன்னொரு புதினமும் சொன்னாள். இனிமேல் கடனுக்குப் பிணை நிற்பவர் வங்கிக்கு வரவே தேவையில்லையாம். போனுக்கு ஒரு லிங்க் போகுமாம். பிறகு ஒரு நம்பர் வருமாம். அந்த நம்பரைத் தட்டிவிட்டால் பிணை நின்றதாகக் கணக்காம். "பஸ்ஸில இருந்துகொண்டே செய்யலாம் மிஸ், எவ்வளவு லேசு பாருங்கோ" என்றாள். முழங்கால் நோ என்று சாட்டுச் சொல்லி ட்ரெயினிங்குக்குப் போகாமல் விட்டுவிட்டேன். அங்கே கதைத்திருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி. சொல்ல எனக்கு வெட்கமில்லை. மற்றவர்களுக்கு இருட்டில் பயம், பாம்பில் பயம். எனக்குக் கையெழுத்தில் பயம். கூரியர்காரன் பார்சலைத் தந்து கையெழுத்துக் கேட்டாலும் மேலே கீழே வாசித்துவிட்டுத்தான் வைப்பேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் மனுஷன் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். அந்தப் பேயோடு வேலை பார்த்தவள் நான்.

வேலையில் சேர்ந்தது கொட்டாஞ்சேனைக் கிளையில். சல்லி எண்ணவும், முத்திரை குத்தவும், சிங்களத்தில் சமாளிக்கவும், இங்கிலிஷில் கடிதம் எழுதவும் பழகியதோடு பயிற்சிக் காலம் ஓடிப்போனது. பிறகு என்னைக் கடன் பகுதிக்குப் போட்டார்கள். அங்கே அதிகாரி சவிரிமுத்து சேர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பிணை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளக்காரர் ஒருவர் கடன் கேட்டு வந்தால் நாங்கள் காணி உறுதியோ நகையோ கேட்பதில்லை. "உங்களைப் போலச் சம்பளம் எடுக்கிற இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்போம். அவர் கட்டாவிட்டால் அந்த இரண்டு பேரும் கட்டவேண்டும். இவ்வளவுதான். அதனால் இந்த ஊரில் டீச்சருக்கு டீச்சர், நேர்ஸுக்கு நேர்ஸ், எஞ்ஜினியருக்கு எஞ்ஜினியர் என்று மாறி மாறிக் கையெழுத்து வைப்பார்கள். கலியாண வீட்டு மொய் மாதிரித்தான். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. முடியாது என்று சொன்னால் அடுத்த நாள் ஒபிஸில் முகத்தைப் பார்த்து எப்படித் தேத்தண்ணி குடிப்பது?

சவிரிமுத்து சேர் ஒருநாளும் குரல் உயர்த்தினதில்லை. அதனால்தான் எனக்கு அவரிடம் அவ்வளவு பயம். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டையின் கைப்பொத்தானைக் கழற்ற மாட்டார். நாங்கள் பிழை விட்டால் ஏசமாட்டார். அந்தத் தாளை எங்கள் மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, நாங்களாகப் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை பேசாமல் இருப்பார். அந்த நேரங்களில் எனக்கு எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும்.

பிணைக்கு வருபவர்களை அவர் நடத்திய விதம் வேறெந்தக் கிளையிலும் கிடையாது. கடன்காரரும் பிணைகாரரும் ஒரே நாளில் வரக்கூடாது. பிணைகாரர் தனியாக வரவேண்டும். வந்தவுடனே பேனையைக் கொடுக்கமாட்டார். முதலில் ஒரு பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணி, வரும். அதை முழுக்கக் குடித்து முடித்தபிறகுதான் தாள் மேசைக்கு வரும். சுடச்சுட விழுங்கிவிட்டுப் பேனைக்குக் கை நீட்டுபவர்களுக்கு இரண்டாவது கோப்பை வரும். தாளில் ஒரு பந்தி இருக்கும், கடன்காரர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் நான் கட்டுவேன் என்று. அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். வாசிக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "ஆள் பாத்துக்கொண்டிருந்தா மனுஷன் தைரியமா வாசிப்பான், பிள்ளை. பாக்காட்டித்தான் குரல் தடுமாறும்" என்று எனக்குச் சொன்னார்.

வாசித்து முடித்தபிறகு கேள்விகள். அவர் உங்களுக்கு என்ன முறை? அவர் கட்டாவிட்டால் வீட்டில் எதை நிப்பாட்டிவிட்டு நீங்கள் கட்டுவீர்கள்? கடைசியாக, வீட்டில் தெரியுமா?

நடுக்கேள்விக்கு அநேகம் பேர் சிரிப்பார்கள். "அவர் கட்டுவார் சேர்" என்பார்கள். "கட்டுவார். கட்டாட்டி எதை நிப்பாட்டுவீங்க? பால்மாவா, பிள்ளையின்ட டியூஷனா?" என்று அதே தணிந்த குரலில் திரும்பக் கேட்பார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியாது. 

செவ்வாய்க்கிழமைகளில் அவர் பிணைக் கையெழுத்து எடுக்கவே மாட்டார். செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சனம் அள்ளுப்படும். சைவக்காரர், வேதக்காரர், சிங்களவர் என்று எல்லாரும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அப்படியே எங்கள் கிளைக்கு வருவார்கள். "கோயிலால வாறவன் ஆருக்கும் இல்லை எண்டு சொல்லமாட்டான். அவனிட்டக் கையெழுத்து வாங்கிறது பாவம். நாளைக்கு வரச்சொல்லுங்க" என்பார். சம்பளம் விழுகிற நாளிலும் அப்படித்தான்.

ஒருமுறை துறைமுகத்துக் கிளார்க் ஒருவர் சிநேகிதனுக்காக வந்தார். தேத்தண்ணி குடித்தார், வாசித்தார். "வீட்டில தெரியுமா?" என்று கேட்டதும் கொஞ்சம் வெளியே போயிட்டு வாறன் என்று எழும்பினவர்தான். நாங்கள் பூட்டும் நேரம்வரை வரவில்லை. குடையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மழைக்காலம் முழுக்க அந்தக் குடை எங்கள் மூலையில் கிடந்தது. கேட்டு ஒருவரும் வரவில்லை. கடன் கேட்டவர் வந்து கவுன்டரில் நின்று கத்தினார். மேலிடத்துக்கு முறைப்பாடு போனது. கொட்டாஞ்சேனைக் கிளைதான் குறைவாகக் கடன் கொடுக்கிறது என்று மேலிடம் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது. ஒவ்வொரு கடிதத்தையும் வாசிக்கும்போது சேரின் கழுத்து வேர்க்கும். பொத்தானை மட்டும் கழற்ற மாட்டார்.

எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கலியாணம் கட்டின புதிதில் நான் ஊழியர் கடன் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். ஒருவர் கையெழுத்து வைத்துவிட்டார், இன்னொருவர் வேண்டும். அவரிடம் கேட்டேன். மூன்று வருஷம் அவருக்குக் கீழே முறிந்து வேலை செய்தவள் நான். நிமிர்ந்து பார்த்து, "எனக்கு நாலு பொம்பிளைப் பிள்ளைகள், பிள்ளை. ஏலாது" என்றார். சாட்டுமில்லை, மன்னிப்புமில்லை. அடுத்த நிமிஷம், அன்றைய பைல் எங்கே என்று கேட்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். ஒரு மாதம் அவரோடு தேவைக்கு மிஞ்சி ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஏலாது எனக்கு இன்றும் சுடும். ஆனால் முகத்துக்கு நேரே அதைச் சொல்லக்கூடிய சம்பளக்காரரை அவருக்குப் பிறகு நான் காணவில்லை.

அவர் ஓய்வுபெற்றுப் போன கையோடு பிளேன்டீயும் நின்றது. எனக்கு வெள்ளவத்தைக்கு மாற்றலானது. மேலிடம் எல்லாருக்கும் டார்கெட் வைத்தது. பிணைகாரர் வங்கிக்கு வருவதை விட்டு, வங்கி பிணைகாரரிடம் போகத் தொடங்கியது. ஒரே மாதிரி ரீஷேர்ட் போட்ட பெடியன்கள் ஆஸ்பத்திரிக் கன்டீன்களிலும் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூம்களிலும் மேசை போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் ஒன்றாக இருந்தால் போதும், சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுத் தாளை மடிப்பதற்குள் மூன்று கடனும் ஆறு பிணைக் கையெழுத்தும் முடிந்துவிடும். கறிக்கறை பட்ட தாள்களை நான் கண்டிருக்கிறேன்.

நிதி நலம் என்று தர்சினி சொன்னாளே, அதற்கு எனக்குத் தெரிந்த பாடம் இதுதான். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே சம்பளம் எடுத்த இரண்டு டீச்சர்மார் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தார்கள். ஒருத்தி கைச்செலவுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பவள், ஆனால் இரண்டு பேருக்குப் பிணை. மற்றவள் சேலைக்குச் செலவழிப்பவள், ஆனால் எதையும் புருஷனிடம் சொல்லாமல் செய்யமாட்டாள். எவள் நிம்மதியாக நித்திரை கொண்டாள் என்று உங்களுக்கே தெரியும். சம்பளம் எவ்வளவு என்பது பிறகு. யாருடைய பயத்தை யார் சுமக்கிறார்கள், அது வீட்டில் தெரியுமா என்பதுதான் முதல். பட்ஜெட் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற சோடனை.

வரிசைக் காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வட்டி ஏறியது, வரி ஏறியது, சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அந்த நாட்களில் காலி வீதியில் வியாபாரம் நடந்த கடை என்றால் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கிற கடைதான். டொக்டர்மார் போனார்கள், எஞ்ஜினியர்மார் போனார்கள். போகிறவர்களுடைய பெயருக்குக் கீழே இருந்த பிணைகாரரின் பெயர்கள் என் மேசைக்கு வந்தன. ஒவ்வொரு காலையும் அந்தப் பெயர்களுக்குப் போன் எடுப்பதுதான் என் வேலை. மறுமுனையில் "ஹலோ" என்று சொல்கிற குரல் அடுத்த நிமிஷம் எப்படி மாறப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அதற்காகவே நம்பரை அழுத்தும் முன் தண்ணீர் குடிப்பேன்.

அப்படித்தான் வாசுகி வந்தாள். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாசுகி அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் பரிசோதிக்கிற லாப்பில் வேலை. களுபோவிலையில் வாடகை வீடு. அதே லாப்பில் ரிஸ்வான், தில்ஹானி என்று இரண்டு சிநேகிதர்கள். மூன்று பேரும் ஒரே நாளில், அந்தக் கன்டீன் மேசையில், ஆளுக்கொரு கடன் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரும் பிணை. மூன்று கால் முக்காலி மாதிரி உறுதி என்று அந்த ரீஷேர்ட் பெடியன் நினைத்திருப்பான். முக்காலியில் ஒரு கால் போனால் என்ன நடக்கும் என்று அவனுக்குப் பாடம் நடத்த ஆளில்லை.

முதலில் ரிஸ்வான் கட்டார் போனான். கொஞ்சக் காலம் காசு அனுப்பினான், பிறகு போன் நம்பர் வேலை செய்யவில்லை. தில்ஹானி இங்கிலாந்து போனாள். அவளை நான் வாட்ஸ்அப்பில் பிடித்தேன். "அனே மிஸ், லபன மாசே அனிவாரென் தானவா" என்று கெஞ்சினாள், அடுத்த மாதம் கட்டாயம் போடுகிறேன் என்று. அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. அவளைப் பொய்க்காரி என்றும் சொல்லமாட்டேன். அங்கே அவளுக்கு என்ன பாடோ.

மிஞ்சியது வாசுகி. மூன்று கடனும் அவள் தலையில்.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. ஒவ்வொரு மாதமும் யூனிஃபோமோடு வந்து என் முன்னால் இருப்பாள். தன் கடனைக் கட்டி, மற்ற இரண்டுக்கும் முடிந்ததைக் கட்டுவாள். லாப்பில் நைட் டியூட்டியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். மதியச் சாப்பாட்டை நிப்பாட்டிவிட்டாள் என்பதை அவளுடைய கழுத்தெலும்பைப் பார்த்தே கண்டுகொண்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே வேண்டுகோள்: "மிஸ், வீட்டுக்குக் கடிதம் மட்டும் போடாதேங்கோ. வீட்டு நம்பருக்கு எடுக்காதேங்கோ."

"உங்கட மனுஷனுக்குத் தெரியாதா?"

"தெரியாது மிஸ். நான் கையெழுத்து வைச்சு ஒரு கிழமைக்குள்ள அவர் சொன்னவர், நீர் ஆருக்கும் பிணை மட்டும் நிண்டிடாதேயும் எண்டு. அதுக்குப் பிறகு மாதத்துக்கு ரெண்டு தரமாவது சொல்லுவார். நான் எப்பிடி மிஸ் வாயைத் திறக்கிறது?"

அவளுடைய கணவர் ஜெகன், ஒரு கப்பல் கம்பனியில் எக்கவுன்டன்ட். கை நீட்டாதவர், குடிக்காதவர், கோபப்படாதவர். "அதுதான் மிஸ் எனக்குப் பயம். அவர் கத்துற ஆளெண்டா நான் எப்பவோ சொல்லியிருப்பன்" என்றாள். 

ஒரு நாள் அந்த ஜெகனே கிளைக்கு வந்தார். நான் அவரை முன்பின் கண்டதில்லை. கையில் ஒரு பெட்டி லட்டு. கடன் பகுதிப் பிள்ளை அவரை என் மேசைக்குக் கூட்டிவந்து, "மிஸ், இவர் வெள்ளவத்தையில பிளாட் ஒண்டுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கிறார். வீட்டுக் கடன் எடுக்கப்போறார். உங்கட பக்கம் பாக்கி ஒண்டும் இல்லையெண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ" என்றாள். விண்ணப்பத்தில் இரண்டு பெயர். ஜெகன், வாசுகி.

இரண்டாவது பெயரை இரண்டு தரம் வாசித்தேன். என் மேசைக்கு மாதாமாதம் வருகிற வாசுகியேதான்.

"வைஃபுக்கு இன்னும் சொல்லேல்லை மிஸ். சர்ப்ரைஸ்" என்று சிரித்தார் அந்த மனுஷன். "கையெழுத்துப் போடுற நாளைக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவன். எல்லாம் சரிதானே மிஸ்?"

ஒருவருடைய கணக்கை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது, புருஷன் என்றாலும் சொல்லக்கூடாது. சொன்னால் என் வேலை போகும். அதைவிடப் பெரிய பயம், சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது. வாசுகியின் பெயரில் இரண்டு கடன் நிலுவை நிற்கிறது. வீட்டுக் கடன் கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று ஜெகன் கேட்பார். எந்த வழியாலோ அவருக்குத் தெரியத்தான் போகிறது. என் வாயால் தெரிவதா, ஒரு நிராகரிப்புக் கடிதத்தால் தெரிவதா, அவளுடைய வாயால் தெரிவதா என்பதுதான் மிச்சம். "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கோ. சேர்ந்து எடுக்கிற கடனுக்கு ரெண்டு பேரும் இருக்கவேணும்" என்று மட்டும் சொன்னேன். லட்டுவை வாங்காமல் விடவும் முடியவில்லை.

அவர் போனதும் வாசுகிக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "என்ட பேரை எடுத்துவிட ஏலாதா மிஸ்?" என்றாள். ஏலாது என்றேன். சவிரிமுத்து சேரின் ஏலாது மாதிரி உறுதியாக வரவில்லை, நடுங்கிக்கொண்டு வந்தது. "அப்ப நான் செத்துத்தான் போவன் மிஸ்" என்றாள். போன் அறுந்தது.

எங்கள் சனம் தொட்டதற்கெல்லாம் சொல்கிற சொல்தான். பஸ் தவறினாலும் செத்தேன் என்பார்கள். ஆனால் எனக்கு அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. திரும்ப எடுத்தேன், வேலை செய்யவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக லாப்புக்கு எடுத்தேன். "வாசுகி இன்னும் வரேல்லை" என்று யாரோ சொன்னார்கள். எங்கள் கிளைக்குப் பின்னால் ஒழுங்கையால் இறங்கினால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரெயில் போகிற சத்தம் தினமும் கேட்பதுதான். அன்றைக்கு அது கேட்டதும் நான் பையைக்கூட எடுக்காமல் எழும்பி ஓடினேன். ஒழுங்கையில் கிடுகிடுவென்று நடந்து தண்டவாளம்வரை போனேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெடியன், "மொக்கத நோனா?" என்று கேட்டான், என்ன தேடுகிறீர்கள் என்று. ஒன்றுமில்லை என்று கையால் காட்டினேன்.

திரும்பிக் கிளைக்கு வந்தால், வாடிக்கையாளர் கதிரையில் வாசுகி இருக்கிறாள். யூனிஃபோம், தலை வாரி, நெற்றியில் பொட்டு. எனக்கு அவளைக் கட்டிப்பிடிப்பதா கன்னத்தில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. "எங்க போனீங்கள்?" என்று கத்திவிட்டேன். கவுன்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வேலைக்குப் போக ஏலேல்லை மிஸ். நேர இங்க வந்திட்டன்" என்றாள்.

அவளை மனேஜரின் சின்ன அறைக்குள் இருத்தினேன். மனேஜர் அன்று லீவு. தேத்தண்ணிக்குச் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்ததும் அவளாகவே சொன்னாள்: "நான் சொல்லுறன் மிஸ். நீங்கள் மட்டும் எழும்பிப் போயிடாதேங்கோ."

பத்து மணிக்கு ஜெகன் வந்தார். தனியாக வரவில்லை. வீட்டுக் கடனுக்கும் இரண்டு பிணை கேட்டிருந்தார்கள் என்பதால் ஒபிஸ் சிநேகிதர் இருவரை, சுதன் என்ற மெலிந்தவரையும் கண்ணாடி போட்ட இன்னொருவரையும், அரைநாள் லீவு போடவைத்துக் கூட்டிவந்திருந்தார். இருவரும் நல்லாக உடுத்திக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியில் கதிரையில் இருந்தார்கள். பிறகு லாப்பிலிருந்து கூட்டிவர இருந்த மனைவி ஏற்கனவே உள்ளே இருப்பதைக் கண்டு ஜெகன் திகைத்தார். "நீர் எப்பிடி முதலே வந்தனீர்? ஆர் சொன்னது?"

வாசுகி சொன்னாள். அழாமல் தொடங்கினாள். கன்டீன் மேசை, ரிஸ்வான், தில்ஹானி, நைட் டியூட்டி, நிப்பாட்டின மதியச் சாப்பாடு. பாதியில் அழுகை வந்துவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை. கட்டவேண்டிய தொகையையும் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெகன் ஏதாவது சொல்லட்டும், கத்தட்டும், மேசையில் அடிக்கட்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. எழும்பினார். கதவைத் திறந்து வெளியே போனார். வாசுகி என் கையைப் பிடித்தாள்.

அறைக்குக் கண்ணாடிக் கதவு. அவர் கிளையை விட்டுப் போகவில்லை. அந்த இருவருக்கும் முன்னால் போய் நின்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வேண்டாம் மச்சான், போங்கோ என்று சொல்லியிருப்பார் என்று கையசைவில் விளங்கியது. பிளாட் போயிற்று, கட்டின அட்வான்ஸும் போயிற்று. நான் அந்தச் சிநேகிதரின் முகங்களைத்தான் பார்த்தேன். ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த முகங்களில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டியில்லை, வெறும் வாய்வு என்று டொக்டர் சொன்னதும் வருமே, அந்த வெளிச்சம். கண்ணாடிக்காரர் ஜெகனின் தோளைத் தட்டினார். மெலிந்தவர் கையைக் குலுக்கினார். இரண்டு பேரும் படியால் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் துரத்துகிறார்கள் என்று நினைப்பீர்கள். நேற்று முழுக்க அவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜெகன் திரும்பி உள்ளே வந்து இருந்தார். வாசுகி தலை நிமிரவில்லை.

"கோவிச்சுக்கொண்டு போட்டாங்களா?" என்று கேட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கவலை.

"இல்லை. சந்தோஷமாப் போறாங்கள்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "எனக்கு அந்தச் சந்தோஷத்தைப் பாக்கேலாமக் கிடக்கு, வாசுகி. நான் உமக்கு ஏன் திரும்பத் திரும்பச் சொன்னனான், பிணை நிக்காதேயும் எண்டு? நான் நிண்டிட்டன். இப்ப கையைக் குலுக்கிப்போட்டுப் போறானே, அந்தச் சுதன்ட கடனுக்கு நான் கையெழுத்து வைச்சிட்டு அந்தப் பயத்திலதான் உமக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

வாசுகியின் அழுகை நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அவன் இப்ப அவுஸ்திரேலியாவுக்குப் போறதுக்கு இங்கிலிஷ் சோதினைக்குப் படிக்கிறான்" என்றார்.

நான் எழும்பிப் போய்த் திறந்துகிடந்த கதவைச் சாத்தினேன்.